இரண்டு கேபிள் போட்டால் இரட்டை வேகமா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று இப்போது அடிக்கடி வருகிறது. "சார், ஒரு நெட் கனெக்ஷனுக்கு பதிலாக இரண்டு வாங்கி ஒன்றாகச் சேர்த்துவிட்டால் வேகம் இரண்டு மடங்காகிவிடும் என்கிறார்களே, உண்மையா?" வீட்டில் இரண்டு மூன்று கம்ப்யூட்டர்களை இணைத்திருப்பவர்கள் இதையே வேறு மாதிரி கேட்கிறார்கள். "ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் இரண்டு கேபிள் போடலாமா?"

போடலாம். ஆனால் வேகத்திற்காகப் போடாதீர்கள் என்பதுதான் என் பதில். இரண்டாவது கேபிளின் வேலை, முதல் கேபிள் சாகும் நாளில் உங்கள் வேலை நிற்காமல் பார்த்துக் கொள்வது. அந்த வேலையைக்கூட அது தானாகச் செய்துவிடாது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. மூன்று முறை தவறு செய்து கற்றுக் கொண்டேன். அந்த மூன்றையும் சொல்லிவிடுகிறேன். நான்காவதாக நீங்கள் ஒன்று செய்ய வேண்டியதில்லை.

மரக்காணத்தில் நான் ஒரு சிறிய இன்டர்நெட் சென்டர் நடத்துகிறேன். தெருவைப் பார்த்த முன் ஹாலில் எட்டு கம்ப்யூட்டர்கள். நடுவில் ஒரு திறந்த முற்றம். அதைத் தாண்டி பின்கட்டு அறை. அங்கே பெரிய பிரிண்டரும், எல்லா பைல்களையும் சேமித்து வைக்கும் நாஸ் என்ற ஸ்டோரேஜ் பெட்டியும் இருக்கின்றன. முன் ஹாலில் ஒரு ஸ்விட்ச், பின்கட்டில் ஒரு ஸ்விட்ச். இரண்டையும் இணைக்க முற்றத்தின் வழியாக ஒரு கேபிள்.

புதியவர்களுக்காக ஒரு வரி. இங்கே ஸ்விட்ச் என்றால் சுவரில் விளக்கு போடும் ஸ்விட்ச் அல்ல. வரிசையாகத் துளைகள் கொண்ட சிறிய பெட்டி. அந்தத் துளைகளுக்கு போர்ட் என்று பெயர். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் கேபிளும் ஒரு போர்ட்டில் செருகப்படும். ஒரு கம்ப்யூட்டர் அனுப்பும் தகவலை எந்த போர்ட் வழியாக வெளியே விட வேண்டும் என்று பார்த்து அனுப்புவது இதன் வேலை. தபால் ஆபீசில் கடிதங்களைப் பிரித்துப் போடுபவரை நினைத்துக் கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்க் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம். இந்தக் காற்றில் இரும்பு ஜன்னல் கம்பி சில வருடங்களில் உதிர்ந்து விடும். கேபிள் நுனியில் இருக்கும் மெல்லிய உலோகத் தகடுகள் எம்மாத்திரம்? கேபிள் கெட்டுப் போவது எங்களுக்கு அபூர்வமான நிகழ்ச்சி அல்ல. அதனால்தான் எனக்கு இரண்டாவது கேபிள் ஆசை வந்தது.

முதல் தவறு: வட்டமாகிப் போன வழி

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கேபிளுக்குப் பக்கத்தில் இன்னொரு கேபிளை இழுத்தேன். ஒரு நுனியை முன் ஸ்விட்சிலும் மறு நுனியை பின் ஸ்விட்சிலும் செருகினேன். ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்று நிம்மதியாக நிமிர்ந்தேன். சில நொடிகளில் இரண்டு ஸ்விட்சிலும் இருந்த எல்லா விளக்குகளும் பைத்தியம் பிடித்தது போல ஒரே வேகத்தில் மின்ன ஆரம்பித்தன. எந்த கம்ப்யூட்டரிலும் நெட் இல்லை. பிரிண்டர் இல்லை. எல்லாவற்றையும் ஆஃப் செய்து ஆன் செய்தேன். மறுபடியும் அதே கூத்து. புதிய கேபிளைப் பிடுங்கியதும் எல்லாம் ஒழுங்காகிவிட்டது.

நடந்தது இதுதான். கம்ப்யூட்டர்கள் அவ்வப்போது, "இந்த எண் உள்ள பிரிண்டர் யார்?" என்பது போல எல்லோருக்கும் பொதுவாக ஒரு கேள்வியை அனுப்பும். இதற்கு பிராட்காஸ்ட் என்று பெயர். இப்படிப்பட்ட தகவல் வந்தால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லா போர்ட்டிலும் அதை வெளியே விடுவது ஸ்விட்சின் கடமை. முன் ஸ்விட்ச் அதை இரண்டு கேபிளிலும் விட்டது. ஒரு கேபிளில் வந்ததை பின் ஸ்விட்ச் மறு கேபிளில் திருப்பி விட்டது. அது முன் ஸ்விட்சுக்கு வந்ததும் மீண்டும் கிளம்பியது. இப்படியே சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு புதிய கேள்வியும் கூடிக் கொண்டே போகும். இன்டர்நெட்டில் போகும் தகவல் பொட்டலத்திற்கு, இத்தனை இடங்களைத் தாண்டினால் ஒழிந்து போ என்று ஒரு எண்ணிக்கை உண்டு. ஆனால் ஸ்விட்சுகளுக்கு நடுவே பயன்படும் ஈதர்நெட் முறையில் அப்படி எதுவும் கிடையாது. யாராவது கேபிளைப் பிடுங்கும் வரை சுற்றிக் கொண்டே இருக்கும். இதைத்தான் பிராட்காஸ்ட் புயல் என்கிறார்கள். புயல் பார்த்த ஊர்க்காரன் நான். பெயர் பொருத்தம் சரியாகத்தான் இருந்தது.

இந்தத் தொல்லைக்கு ரேடியா பெர்ல்மன் என்ற பெண் பொறியாளர் 1985ஆம் ஆண்டிலேயே வழி கண்டுபிடித்தார். அப்போது அவர் டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தில் பணியாற்றினார். ஸ்பேனிங் ட்ரீ என்பது அவர் வகுத்த முறை. ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசி, எங்கே வட்டம் உருவாகிறது என்று கண்டுபிடித்து, வட்டத்தில் ஒரு வழியை மட்டும் மூடி வைத்துவிடும். திறந்திருக்கும் வழி கெட்டுப் போனால் மூடிய வழியைத் திறந்து கொள்ளும். பழைய முறையில் இந்த மாற்றத்திற்கு 30 முதல் 50 நொடிகள் வரை ஆகும். 2001ல் வந்த வேகமான வடிவத்தில் பெரும்பாலும் சில நொடிகளிலேயே முடிந்துவிடும்.

கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் சாதாரண ஸ்விட்ச் பெரும்பாலானவற்றில் இந்த வசதி இருக்காது. எனவே உங்கள் வீட்டில் சாதாரண ஸ்விட்ச் இருந்தால், இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவில் இரண்டாவது கேபிளைச் செருகவே செருகாதீர்கள். வீட்டுப் பிள்ளைகள் தொங்கிக் கொண்டிருக்கும் கேபிள் நுனியை அதே ஸ்விட்சின் இன்னொரு போர்ட்டில் செருகினாலும் இதே கதிதான். "திடீரென்று நெட் முழுவதும் நின்றுவிட்டது, எல்லா விளக்கும் மின்னுகிறது" என்று யாராவது போன் செய்தால், நான் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியாக யார் எந்த வயரைத் தொட்டது?" என்பதுதான்.

இரண்டாவது தவறு: தண்ணீர்க் கணக்கு

அடுத்ததாக, செட்டிங் மாற்றும் வசதி கொண்ட இரண்டு ஸ்மார்ட் ஸ்விட்சுகளை வாங்கினேன். ஸ்பேனிங் ட்ரீ இருந்தது. ஆனால் ஒரு கேபிள் சும்மா தூங்குகிறதே என்று மனது கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய கேபிள் அல்லவா? அப்போதுதான் லிங்க் அக்ரிகேஷன் பற்றித் தெரிந்து கொண்டேன்.

இரண்டு, மூன்று, நான்கு கேபிள்களை ஒரே கட்டாகக் கட்டி, ஒரே ஒரு கேபிள் போல ஸ்விட்சை நம்ப வைக்கும் முறை இது. ஒரே கேபிள் என்று ஸ்விட்ச் நினைப்பதால் வட்டம் உருவாகாது. எல்லா கேபிளும் வேலை செய்யும். ஒன்று அறுந்தால் மீதி உள்ளவை சுமையை ஏற்றுக் கொள்ளும். 1990களின் தொடக்கத்தில் இதைக் கொண்டு வந்தது கல்பனா என்ற நிறுவனம். ஆமாம், நம்ம ஊர்ப் பெயர்தான். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் இந்திய வம்சாவளியினர். தன் மனைவியின் பெயரை நிறுவனத்துக்கு வைத்தார். ஈதர்நெட் ஸ்விட்ச் என்ற பெட்டியையே 1990ல் சந்தைக்குக் கொண்டு வந்த நிறுவனம் அது. 1994ல் அதை சிஸ்கோ வாங்கிக் கொண்டது. பிறகு 2000ஆம் ஆண்டில் எல்லா நிறுவனங்களின் ஸ்விட்சும் ஒன்றோடொன்று இப்படிச் சேர்ந்து வேலை செய்யும்படி 802.3ஏடி என்ற பொது விதி வந்தது. அதில் வருவதுதான் எல்.ஏ.சி.பி. இரண்டு பக்கத்து ஸ்விட்சும் அவ்வப்போது ஒன்றையொன்று விசாரித்து, எந்த கேபிள் உயிரோடு இருக்கிறது என்று உறுதி செய்து கொள்ளும் பேச்சு மொழி அது.

இரண்டு கேபிளையும் கட்டாக்கினேன். பின்கட்டில் இருந்த நாஸ் பெட்டியிலும் இரண்டு போர்ட் இருந்ததால் அவற்றையும் அதே முறையில் இணைத்தேன். ஒரு கேபிள் நொடிக்கு 1 கிகாபிட். இரண்டும் சேர்ந்து 2 கிகாபிட். கணக்கு சரிதானே? ஒரு கல்யாண வீடியோ பைலை, 20 ஜி.பி. இருக்கும், முன் ஹாலிலிருந்து நாஸ் பெட்டிக்கு காப்பி செய்து பார்த்தேன். நொடிக்கு 110 எம்.பி. வேகம். கேபிளைக் கட்டுவதற்கு முன்பு எவ்வளவோ, அதே 110 எம்.பி.தான்! எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எனவே 1 கிகாபிட் கேபிளில் நொடிக்கு 125 எம்.பி.க்கு மேல் போக முடியாது. நடைமுறையில் 110 வரும். அதாவது என் வீடியோ ஒரே ஒரு கேபிளில்தான் போயிருக்கிறது. இன்னொன்று சும்மா இருந்திருக்கிறது.

இங்கேதான் நாம் எல்லோரும் ஏமாறுகிறோம். நெட்வொர்க்கை நாம் தண்ணீராக நினைக்கிறோம். உப்பளத்தில் பாத்திக்குத் தண்ணீர் விடும்போது ஒரு வாய்க்காலுக்கு பதில் இரண்டு வாய்க்கால் வெட்டினால் பாத்தி சீக்கிரம் நிறையும். ஆனால் நெட்வொர்க்கில் போவது தண்ணீர் அல்ல, லாரி.

எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு உப்பு லாரி போக இரண்டு வழி உண்டு. நேராக கிழக்குக் கடற்கரைச் சாலை. இல்லாவிட்டால் திண்டிவனம் போய் ஜி.எஸ்.டி. ரோடு. இரண்டு ரோடு இருப்பதால் ஒரு லாரி இரண்டாகப் பிளந்து இரண்டு ரோட்டிலும் ஓடுமா? ஓடாது. அது ஏதாவது ஒரு ரோட்டில்தான் போகும். போகும் நேரமும் குறையாது. ஆனால் ஐம்பது லாரி கிளம்பினால் பாதி அங்கேயும் பாதி இங்கேயும் போகும். எங்கேயும் நெரிசல் இருக்காது.

சரி, ஒரு பைலைச் சிறு சிறு பொட்டலங்களாகத்தானே அனுப்புகிறார்கள், அவற்றை மாற்றி மாற்றி இரண்டு கேபிளிலும் அனுப்பினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கல்யாணத்துக்கு ஐந்து பஸ்ஸில் கிளம்புகிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டு பஸ் ஒரு ரோட்டிலும் மூன்று பஸ் வேறு ரோட்டிலும் போனால், தாலி இருக்கும் பஸ் எப்போது வரும் என்று மண்டபத்தில் காத்துக் கிடக்க வேண்டும். பொட்டலங்களும் அப்படித்தான். வரிசை மாறி வந்தால், நடுவில் ஏதோ தொலைந்துவிட்டது என்று நினைத்து கம்ப்யூட்டர் மறுபடியும் அனுப்பச் சொல்லும். வேகம் கூடுவதற்கு பதில் குறையும். அதனால் ஒரு உரையாடலைச் சேர்ந்த பொட்டலங்கள் எல்லாம் ஒரே கேபிளில்தான் போக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

எந்த உரையாடல் எந்த கேபிளில் போவது என்று ஸ்விட்ச் எப்படி முடிவு செய்கிறது? அனுப்பும் கம்ப்யூட்டரின் எண்ணையும் பெறும் கம்ப்யூட்டரின் எண்ணையும் வைத்து ஒரு சிறு கணக்குப் போடுகிறது. விடை ஒன்று என்றால் முதல் கேபிள், இரண்டு என்றால் இரண்டாவது கேபிள். எந்த கேபிளில் கூட்டம் குறைவு என்று சாதாரண ஸ்விட்ச் பார்ப்பதில்லை. இதற்கு லோட் பேலன்சிங் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். தராசில் நிறுத்துப் பங்கு போடுகிறது என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். உண்மையில் அது சீட்டுக் குலுக்கல். என் எட்டு கம்ப்யூட்டர்களில் இரண்டு ஒரே நேரத்தில் பெரிய பைலை அனுப்பியபோது, சில ஜோடிகளுக்கு ஆளுக்கு 110 எம்.பி. கிடைத்தது. வேறு சில ஜோடிகளுக்கு ஆளுக்கு 55 எம்.பி.தான். இரண்டும் ஒரே கேபிளில் விழுந்துவிட்டன. பக்கத்து கேபிள் காலியாகவே இருந்தது.

ஆயிரக்கணக்கான பேர் பயன்படுத்தும் பெரிய ஆபீசில் சீட்டுக் குலுக்கல் நன்றாகவே வேலை செய்யும். கூட்டம் பெரிதாக இருந்தால் பங்கு ஏறக்குறைய சமமாக விழும். நம் வீட்டில் இருப்பதோ இரண்டு கம்ப்யூட்டர். விண்டோஸ் 8 முதல் மைக்ரோசாஃப்ட் கொண்டு வந்த மல்டிசேனல் முறையில், இரண்டு பக்கமும் அந்த வசதி இருந்தால், ஒரே பைலைக் கூட பல இணைப்புகளில் பிரித்து அனுப்பலாம். அது பைல் காப்பி செய்வதற்கு மட்டும். மற்றபடி, ஒரே ஆளின் ஒரே வேலைக்கு இரண்டு கேபிள் இரண்டு மடங்கு வேகம் தராது.

இரண்டு நெட் கனெக்ஷனைச் சேர்க்கும் டூயல் வேன் ரவுட்டரிலும் பெரும்பாலும் இதே கதைதான். கடையில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிக் காட்டுவார்கள். வேகம் இரட்டிப்பாகத் தெரியும். பொய் இல்லை. ஸ்பீடு டெஸ்ட் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறக்கிறது. அவை இரண்டு லைனிலும் பரவிவிடுகின்றன. வீட்டுக்கு வந்து ஒரு வீடியோ அழைப்பு பேசும்போதோ ஒரு பைலை டவுண்லோட் செய்யும்போதோ அது ஒரு லைனின் வேகத்திலேயே ஓடும். வாங்கும் முன் இதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

மூன்றாவது தவறு: ஒரே குழாய்

வேகம் வராவிட்டால் போகிறது, பாதுகாப்பாவது இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன் 2020 நவம்பரில் நிவர் புயலும் எங்கள் கரையோரத்தில்தான் கடந்தது. நிவரில் காற்று அதிகம். ஃபெஞ்சலில் மழை அதிகம். கொட்டித் தீர்த்தது. உப்பளம் எது, கழிவெளி எது, ரோடு எது என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர். என் முற்றத்திலும் முழங்கால் அளவு நின்றது.

டிசம்பர் 2, திங்கட்கிழமை. பக்கத்துக் கடை ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்து சென்டரைத் திறந்து வைத்திருந்தேன். மதியம் ஒரு பெண் வந்தார். உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பம். முந்தைய வாரம்தான் ஒரு வேலைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க சான்றிதழ்களை எல்லாம் என்னிடம் ஸ்கேன் செய்திருந்தார். சாதிச் சான்றிதழ் நகல் ஒன்று குறைந்ததால் விண்ணப்பம் பாதியில் நின்றிருந்தது. அன்றுதான் கடைசி நாள்.

"அண்ணா, வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. சர்டிபிகேட் எல்லாம் நனைஞ்சு ஒட்டிக்கிச்சு. நீங்க ஸ்கேன் பண்ணது இருக்குதானே?"

"இருக்கும்மா, பயப்படாதே" என்றேன். நாஸ் பெட்டியில் பத்திரமாக இருந்தது. ஆனால் முன் ஹாலிலிருந்து எந்த கம்ப்யூட்டரிலும் நாஸ் பெட்டி தெரியவில்லை. இரண்டு கேபிளும் செத்துப் போயிருந்தன.

பார்த்த பிறகுதான் என் புத்திசாலித்தனம் எனக்கே புரிந்தது. இரண்டு கேபிளையும் முற்றத்தில் ஒரே பிளாஸ்டிக் குழாய்க்குள் புதைத்திருந்தேன். குழாயின் இணைப்பு வழியாகத் தண்ணீர் புகுந்து குழாய் நிரம்பிவிட்டது. வீட்டுக்குள் போடும் சாதாரண கேபிள் எத்தனை நேரம் தாங்கும்? இரண்டு கேபிள், ஒரு குழாய். கணக்குப்படி அது ஒரே கேபிள்தான்.

அதைவிட வெட்கமான விஷயம் இன்னொன்று. ஒரு கேபிளின் நுனியை உருவிப் பார்த்தபோது, ஆர்.ஜே.45 பிளக்கின் தகடுகள் பச்சை பூத்துக் கிடந்தன. அது இரண்டு நாளில் வரும் பச்சை அல்ல. பல மாதமாக உப்புக் காற்றில் அரித்தது. அதாவது அந்த கேபிள் புயலுக்கு வெகு நாள் முன்பே செத்துவிட்டது. லிங்க் அக்ரிகேஷன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. ஒரு கேபிள் போனதும் சத்தமில்லாமல் மற்றதற்கு மாற்றிவிட்டது. எதுவும் நிற்காததால் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஸ்விட்ச் அலமாரிக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத உயரத்தில். அணைந்த விளக்கை யார் பார்த்தார்கள்? இரண்டு இருக்கிறது என்று நினைத்துக் கொண்டு பல மாதங்களாக ஒன்றில் ஓட்டியிருக்கிறேன்.

ஒற்றை கேபிள் கெட்டால் உடனே தெரியும், உடனே மாற்றுவோம். இரட்டை கேபிள் தன் நோயை மறைத்துவிடும். இரண்டாவதும் சாகும் நாளில்தான் முதலாவது செத்த சேதி நமக்கு வருகிறது.

நாஸ் பெட்டியைக் கழற்றிக் கையில் தூக்கிக் கொண்டு முன் ஹாலுக்கு வந்து, முன் ஸ்விட்சிலேயே நேரடியாகச் செருகினேன். பைல் கிடைத்துவிட்டது. அடுத்த சிக்கல் நெட். என்னிடம் இரண்டு கம்பெனியின் பைபர் லைன் இருந்தது. இரண்டும் ஒரே மின் கம்பத்தின் வழியாக வந்தவை. கம்பம் சாய்ந்திருந்தது. கடைசியில் என் செல்போனை யு.எஸ்.பி. வயரில் கம்ப்யூட்டரோடு இணைத்து அதன் நெட்டைப் பயன்படுத்தினோம். சிக்னல் வந்து வந்து போனது. இரவு 9 மணிக்கு மேல்தான் விண்ணப்பம் ஏறியது. அந்தப் பெண் பிரிண்ட் எடுத்த காகிதத்தை பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு எடுத்துக் கொண்டு போனார். இத்தனை காசு செலவு செய்து நான் கட்டிய இரட்டை வழிகள் எதுவும் அன்று உதவவில்லை. உதவியது, கம்பமும் குழாயும் இல்லாத மூன்றாவது வழி.

கடலுக்கடியிலும் இதே கதை

நான்தான் முட்டாள் என்று நினைத்துக் கொண்டிருந்தேன். பெரிய பெரிய நெட்வொர்க்குகளும் இதே பாடத்தைப் படித்திருக்கின்றன. 2008 ஜனவரி 30ஆம் தேதி எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கடலடி கேபிள்கள் அறுந்தன. சீ-மீ-வீ 4 ஒன்று, ஃப்ளாக் மற்றொன்று. வெவ்வேறு கேபிள்கள், வெவ்வேறு உரிமையாளர்கள். ஆனால் இரண்டும் ஒரே குறுகிய கடல் வழியில் கிடந்தன. இந்தியாவின் வெளிநாட்டு இன்டர்நெட் வசதியில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. கிழக்குப் பக்கம், சிங்கப்பூர் வழியாகத் திருப்பிவிட வசதி இருந்தவர்கள் சீக்கிரம் மீண்டார்கள். 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே மீண்டும் கேபிள்கள் அறுந்து, நம் நாட்டிலும் நெட் மெதுவானது. அறுந்தவற்றில் அதே சீ-மீ-வீ 4 கேபிளும் ஒன்று.

கிழக்கு வழி மட்டும் பத்திரமா என்றால், அதுவும் இல்லை. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கேபிள்களில் ஒன்றான ஐ2ஐ, 2002ல் போடப்பட்டது. நீளம் சுமார் 3,200 கி.மீ. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது கடலடி கேபிள் ஒன்று சேதமடைந்து பலருக்கு நெட் வேகம் குறைந்தது. மேற்கே ஒரு வழி, கிழக்கே ஒரு வழி என்று இருந்தால்தான் ஒன்று போகும்போது இன்னொன்று தாங்கும்.

எங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. ஆந்திராவிலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்ஹாம் கால்வாய் மரக்காணம் பக்கம் வந்துதான் முடிகிறது. கடலில் அலை கடுமையாக இருக்கும் நாட்களிலும் படகுகள் பத்திரமாகப் போக, கரைக்கு இணையாக வெட்டிய இரண்டாவது வழி அது. உப்பும் விறகும் அதில் போயின. சாதாரண நாட்களுக்கு அருமையான மாற்று வழி. ஆனால் கடலை ஒட்டியே போவதால், கடலைத் தாக்கும் புயல் கால்வாயையும் தாக்கியது. 1965, 1966 புயல்களிலும் பிறகு 1976 புயலிலும் சேதமடைந்து, போக்குவரத்து அற்றுப் போயிற்று. பக்கத்திலேயே ஓடும் இரண்டாவது வழி, சிறிய தொல்லைக்குத்தான் மாற்று. பெரிய தொல்லைக்கு அல்ல.

அப்படியானால் நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

வீட்டில் ஒன்று இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் லிங்க் அக்ரிகேஷன் பக்கமே போக வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு நல்ல கேபிளும் பேக்கப் எடுக்க ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வாங்குங்கள். வேகம்தான் வேண்டும் என்றால் இரண்டு மெதுவான லைனை விட ஒரு வேகமான லைன் மேல்.

நிற்காத நெட் வேண்டும் என்றால், இரண்டாவது கேபிளை வாங்காதீர்கள். இரண்டாவது வழியை வாங்குங்கள். வீட்டுக்கு பைபர் இருந்தால், மாற்றாக இன்னொரு பைபர் வேண்டாம். வேறு கம்பெனியின் செல்போன் நெட் போதும். இரண்டு கம்பெனி என்று பெயரைப் பார்த்து ஏமாறாமல், இரண்டு வயரும் எந்தக் கம்பத்தில் வருகின்றன என்று வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். இரண்டு பெட்டிகளும் ஒரே யு.பி.எஸ்.ஸில் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

டூயல் வேன் ரவுட்டர் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? பரவாயில்லை. அதில் லோட் பேலன்ஸ் என்பதற்கு பதில் ஃபெயில்ஓவர் என்ற செட்டிங்கைத் தேர்ந்தெடுங்கள். அப்போது ஒரு லைன் வேலை செய்யும். அது போனால் மட்டும் அடுத்தது வரும். லோட் பேலன்ஸில் விட்டால், பேங்க் வெப்சைட்டில் ஒரு கிளிக் ஒரு லைனிலும் அடுத்த கிளிக் வேறு லைனிலும் போகலாம். திடீரென்று வேறு முகவரியிலிருந்து ஆள் வருகிறாரே என்று சந்தேகப்பட்டு பேங்க் உங்களை வெளியே தள்ளிவிடலாம்.

சிறிய ஆபீஸ், பள்ளி, கடை வைத்திருப்பவர்கள் ஸ்விட்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிளைக் கட்டாகப் போடுவதானால் பாதிக் கணக்கை மறக்காதீர்கள். இரண்டு கேபிளிலும் சேர்த்துப் போகும் சுமை, ஒரு கேபிள் தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உங்களிடம் மாற்று வழி இல்லை. இரண்டும் அவசியமாகிவிட்ட இரண்டு கேபிள்தான் இருக்கிறது. ஒன்று போனால் நெட்வொர்க் திணறும். இரண்டையும் வெவ்வேறு சுவர் வழியாக இழுங்கள். இரண்டு பக்கமும் எல்.ஏ.சி.பி. முறையையே தேர்ந்தெடுங்கள். செட்டிங்கை முடித்த பிறகுதான் இரண்டாவது கேபிளைச் செருக வேண்டும். முன்பே செருகினால் என் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கும் வரும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று. மாதம் ஒரு நாள், வேலை இல்லாத நேரத்தில், ஒரு கேபிளைக் கையால் உருவுங்கள். நெட்வொர்க் ஓடுகிறதா? ஓடினால் அதைச் செருகிவிட்டு மற்றதை உருவுங்கள். அப்போதும் ஓடினால்தான் உங்களிடம் இரண்டு வழி இருக்கிறது என்று பொருள். செருகும் முன் நுனியைப் பாருங்கள். பச்சை தெரிந்தால் யோசிக்காமல் வெட்டி எறிந்துவிட்டு புதிய பிளக் போடுங்கள். சில ரூபாய்தான் ஆகும்.

இப்போது என் ஸ்விட்ச் கண்ணுக்கு நேராக, மேசைப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. ஒரு கேபிள் பழைய குழாயில். இன்னொன்று கூரையை ஒட்டி, மேலே. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, கடையைத் திறக்கும் முன் ஒவ்வொன்றாக உருவிப் பார்க்கிறேன். வேகம் அதே 110 எம்.பி.தான். அதைப் பற்றி இப்போது எனக்கு எந்தக் குறையும் இல்லை.